என் மகளின் ரிமோட் காரும் என் தங்கையும்

1

என் மகள் லிடியா தானாக என்னிடம் ஒரு முழு வாக்கியம் தமிழில் பேசி எத்தனை மாதம் ஆகியிருந்தது என்று எனக்கே நினைவில்லை. கடைசியில் அவள் பேசியது என்னைத் தடுப்பதற்காக.

அன்று சனிக்கிழமை காலை. வீட்டுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் ரிமோட் காரை ஓட்டிவிட்டு அதைக் கையில் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள். எங்கள் ஊர் அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிறது. வருஷத்தில் பாதி நாள் மழை. கார் முழுக்கச் சேறு. நடவு வயலில் இறங்கி ஏறிய டிராக்டர் போல நான்கு சக்கரத்திலும் அப்பிக்கிடந்தது. தரையெல்லாம் சொட்டுகிறதே என்று நான் அதை வாங்கிக் குழாயடியில் காட்டப் போனேன்.

"அம்மா, வேணாம். தண்ணி உள்ள போனா பேரிங் துருப் புடிச்சிரும். சித்தி சொல்லியிருக்காங்க."

திறந்த குழாயை மூடினேன். அவளுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு வயதில் இங்கே வந்தவள். 'காலைச் சாப்பாடு' என்று முழுசாகச் சொல்ல வராது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நம் ஊர்க்காரர்கள் யாராவது தமிழில் பேசினால் என் பின்னால் ஒதுங்குவாள். அவள் வாயில் 'துருப் புடிச்சிரும்' அவ்வளவு இயல்பாக வந்தது. பெற்றவளுக்கு அந்த நேரத்தில் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்று வந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

சித்தி என்று அவள் சொல்வது என் தங்கை ரூபியை. தரங்கம்பாடிக்கு மேற்கே, காவிரிக் கிளை வாய்க்கால் ஒன்று முடிகிற இடத்தில் எங்கள் ஊர். ரூபி பக்கத்து டவுனில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறாள். வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் புகைந்துபோனால் பிரித்து, கருகின செப்புக் கம்பியை உருவி எடுத்து, புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிற கடை. ஐடிஐ முடித்தவள். என்னைவிட மூன்று வயது சின்னவள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அம்மாவோடு இருக்கிறாள்.

இந்தச் சேர்க்கை என் கண் முன்னால்தான் ஆரம்பித்தது. லிடியாவின் பிறந்தநாளுக்கு என் கணவர் யாரோ ஒருவர் ஓட்டிவிட்டு விற்ற ரிமோட் காரை வாங்கி வந்து கொடுத்தார். அவருக்கு வெளியூர் வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். அந்தச் சனிக்கிழமை நான் போனை அடுப்பு மேடையில் வைத்து ரூபியிடம் பேசிக்கொண்டே வெங்காயம் நறுக்கினேன். லிடியா காரை நடையில் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது என்ன சத்தம்?" என்றாள் ரூபி.

"லிடியாவோட ரிமோட் கார்."

"ஒரு சக்கரத்துல பேரிங் போயிருக்கு. மண்ணு உள்ள போயிருக்கு. ஒவ்வொரு சக்கரமா கையால உருட்டிப் பாக்கச் சொல்லு."

லிடியா உருட்டிப் பார்த்தாள். முன்பக்கம் வலது சக்கரம் கரகரவென்றது. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற ஒருத்தி சத்தத்தை மட்டும் கேட்டு எப்படிச் சொன்னாள் என்று ஆச்சரியப்பட்டு லிடியா மேடையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் போன் எனக்குத் திரும்பி வரவில்லை என்றே சொல்லலாம்.

ரூபி அதுவரை அப்படி ஒரு காரைப் பார்த்ததில்லை. வீடியோவில் லிடியா மேல்மூடியைக் கழற்றிக் காட்டினாள். மோட்டாருக்கு மூன்று வயர் போயிற்று.

"மூணா? இந்தக் கட்டைவிரல் மோட்டாருக்கு மூணு பேஸ் கரண்டா?" ரூபி முகத்தைப் போனுக்குள் நுழைத்துவிடுவது போலப் பார்த்தாள். "பாப்பா, ரெண்டு வயரை மட்டும் மாத்திச் சொருவு. எங்க பம்பு செட்டு மாதிரி எதிர்ப்பக்கம் சுத்துதான்னு பாப்போம்."

மாற்றினாள். முன்னால் போக அழுத்தினால் கார் பின்னால் வந்து சுவரில் இடித்தது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பை நான் வெங்காயம் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும். இங்கே காலை பத்து என்றால் அங்கே மதியம் கடந்திருக்கும், கடையில் கூட்டம் குறைந்திருக்கும். லிடியா தரையில் பழைய துண்டை விரிப்பாள். முதலில் பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைப்பாள். சேறு காய்ந்து வெளுக்கும்வரை காத்திருந்து, பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, இண்டு இடுக்குக்குப் பழைய பல் பிரஷ். பிறகு சக்கரங்கள். ஒவ்வொரு பேரிங்காகக் கழற்றி விரல் நுனியில் சுற்றிக் காதோடு வைத்துக் கேட்பாள், பிறகு போனின் காதிலும் வைப்பாள். சத்தம் வந்தால் ஊறப் போட வேண்டும்.

"நாங்க பெட்ரோல்ல போடுவோம். வீட்டுக்குள்ள அது வேணாம். அம்மாகிட்ட ஸ்பிரிட் இருக்கான்னு கேளு."

அத்தனை சனிக்கிழமைகளில் அவர்கள் பேச்சில் என் பெயர் வந்தது அங்கே ஒரு தடவைதான். ஊறி எடுத்த பேரிங்கைக் காய வைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. கடைசியில் மோட்டார் கியரையும் பெரிய கியரையும் சேர்க்கும்போது நோட்டுத்தாளில் ஒரு கீற்று கிழித்து இரண்டு பல்லுக்கும் நடுவில் விட்டு முடுக்குவார்கள். தாளை உருவினால் இருக்க வேண்டிய இடைவெளி இருக்கும். இந்தத் தாள் யோசனை லிடியாவுடையது. அவள் எங்கோ படித்துச் சொன்னாள். ரூபி அதைத் தன் கடை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டதாகச் சொன்னாள்.

"முறுக்கு", "இறுக்கு", "லூசா இருக்கு", "பல்லு தேஞ்சிருச்சு", "மோட்டார் காயில் புகைஞ்சிரும்". என் மகளின் தமிழ் என் தங்கையின் கடையிலிருந்து வந்தது. பதினோரு வருஷம் நான் படுக்கையில் கதை சொல்லி, பாட்டுப் பாடி, திட்டிக்கூடப் பார்த்து வராத தமிழ்.

3

மொழி விஷயத்தில் எனக்கு ஏற்கெனவே ஒரு புண் உண்டு. இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்த முதல் மாதம், வார்டில் ஒருவர் இறந்தபோது நம் ஊர் ஆஸ்பத்திரியில் சொல்லிப் பழகினபடி 'எக்ஸ்பயர்' ஆகிவிட்டார் என்று அவர் வீட்டாருக்குப் போனில் சொன்னேன். பால் பாக்கெட்டுக்குத்தான் இங்கே அந்த வார்த்தை. மனிதருக்குச் சொன்னது அந்த வார்டில் ரொம்ப நாள் பேச்சாக இருந்தது. அன்றிலிருந்து வாயைத் திறக்கும் முன் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அந்த எண்ணுதல்தான் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டதோ என்னவோ. லிடியா ஆங்கிலத்தில் கடகடவென்று பேசும்போது நான் பாதியில் நின்றுவிடுவேன். அவள் பொறுமையில்லாமல் தோளைக் குலுக்குவாள்.

ரூபி எண்ணிப் பார்ப்பதே இல்லை. தப்போ சரியோ பேசிவிடுவாள். சின்ன வயசிலிருந்தே அப்படி.

எங்கள் அப்பா பெரிய பண்ணை ஒன்றில் கூலிக்குப் போனவர். பிறகு அந்தப் பண்ணையின் போர் மோட்டாரைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. மோட்டார் கொட்டகை எங்கள் தெருவிலிருந்து வரப்பு வழியாகப் பத்து நிமிஷ நடை. மாலையில் கிளம்பும்போது ரூபியைக் கூப்பிடுவார். நானும் செருப்பைத் தேடுவேன்.

"நீ எங்க வர்ற? நீ படிக்கிற புள்ள. போய் உக்காந்து படி."

சொன்னது பெருமையாகத்தான். சர்ச் பள்ளிக்கூடத்தில் நான் முதல் மார்க். ஆனால் வாசலில் நின்று, வரப்பில் முன்னும் பின்னுமாகப் போகிற அந்த இரண்டு தலைகளையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தண்டனை மாதிரி இருந்தது. இருவரும் திரும்பி வரும்போது கை முழுக்கக் கிரீஸ், மேலெல்லாம் ஒரே வாசனை. ஏதோ ஒரு சமாசாரத்தைப் பாதியில் பேசிக்கொண்டே வருவார்கள். என்ன என்று கேட்டால் "உனக்குப் புரியாதும்மா" என்பார் அப்பா. அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது.

இப்போது என் வீட்டுத் தரையில் அதே பேச்சு நடக்கிறது. அப்பா இடத்தில் ரூபி. ரூபி இடத்தில் லிடியா. வாசலில் நிற்பது இப்போதும் நான்தான்.

4

சித்தியை இங்கே கூட்டி வர வேண்டும் என்று லிடியா ஆரம்பித்தாள். ஜூலையில் அவள் சேர்ந்திருக்கிற ரிமோட் கார் கிளப்பில் பந்தயம். சித்தி பக்கத்தில் இருந்தால் கார் நடுவில் நின்றாலும் பயமில்லை என்றாள். ரூபியும் சரி என்றாள். பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தாள், எதற்கென்று தெரியாமலே.

விசா விண்ணப்பத்தை லிடியாவே கம்ப்யூட்டரில் நிரப்பினாள். சித்தி போனில் சொல்லச் சொல்ல இவள் தட்டினாள். தொழில் என்ற இடத்தில் வைண்டிங் கடை என்று போட்டாள். ஆங்கிலத்தில் காற்றுக்கும் கம்பி சுற்றுவதற்கும் ஒரே எழுத்துக்கூட்டல்.

"சித்தி, உங்களுதைக் காத்துக் கடைன்னு நினைச்சுக்குவாங்க."

"நினைச்சுக்கட்டும். சைக்கிள் டியூபுக்குக் காத்து அடிக்கிறவன்னு விசா குடுத்தாலும் சரிதான்."

நான் செய்ய வேண்டியது இரண்டே காரியம். ரூபியை அழைத்து ஒரு கடிதம் எழுத வேண்டும். நான் இங்கே வேலையில் இருக்கிறேன் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கி இரண்டையும் அவளுக்கு அனுப்ப வேண்டும். அரை ஏக்கருக்குப் பட்டா மாற்ற அப்பா தாலுகா ஆபீசுக்கு இரண்டு வருஷம் நடந்தார். இங்கே கடிதம் கேட்ட மூன்றாம் நாள் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வார்டில் என் லாக்கருக்குள் வைத்தேன். சாயங்காலம் எடுத்துப் போகலாம் என்றுதான் வைத்தேன்.

எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. யூனிபாரம் மாற்ற லாக்கரைத் திறக்கும்போதெல்லாம் உறை தெரியும். அதன் மேல் என் ஸ்வெட்டரை மடித்து வைத்தேன்.

"அக்கா, லெட்டர் வந்துச்சா?" என்று ரூபி கேட்டாள்.

"இல்ல. இங்கேயும் நம்ம ஊர் ஆபீஸ் மாதிரிதான். இழுத்தடிக்கிறாங்க."

சென்னையில் விசா மையத்தில் அவளுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதைத் தள்ளிப்போட்டாள். இன்னொரு நாள் வாங்கினாள், அதையும் தள்ளிப்போட்டாள். லிடியா என்னிடம் தினமும் கேட்டாள். என் மேலதிகாரியிடம் தானே வந்து பேசட்டுமா என்றுகூடக் கேட்டாள். அவளிடமும் அதே பொய்யைச் சொன்னேன். ஐந்து வாரம். அதற்குள் பந்தயத்துக்கு நேரமில்லாமல் போனது. ரூபி, "பரவால்ல பாப்பா, குறுவை நேரம், கடையில மோட்டாரா வந்து குவியுது, நான் வந்திருந்தாலும் திட்டு வாங்கிருப்பேன்" என்று சொல்லிச் சமாளித்தாள்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நான் கோபக்காரி, பிடிவாதக்காரி என்று எனக்குத் தெரியும். இப்படி ஒன்றைச் செய்யக்கூடியவள் என்று தெரியாது.

5

பந்தயத்துக்கு நான்தான் போனேன். புல்தரையில் மண் மேடுகள் போட்டிருந்தார்கள். லிடியாவின் கார் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாவது சுற்றில் ஒரு மேட்டில் எகிறிக் குதித்து அப்படியே நின்றது. ஓடிப் போய்த் தூக்கி வந்து மூடியைக் கழற்றினாள். ரூபிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். சனிக்கிழமைதான், ஆனால் அந்த நேரத்துக்கு ரூபி எந்த வயலில் எந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டிருந்தாளோ.

"நான் பாக்கவா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உனக்குத் தெரியாதும்மா."

அலட்சியமாகச் சொல்லவில்லை. தெரியாது என்பது உண்மை. அவளே தேடிக் கண்டுபிடித்தாள். மோட்டார் வயர் ஒன்று கழன்றிருந்தது. சொருகி முடிப்பதற்குள் பந்தயம் முடிந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் தங்கள் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இவள் அழவில்லை. போனை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வருகிற வழியில், காரை ஓரமாக நிறுத்தினேன். சொல்லிவிட்டேன். கடிதம் வந்தது, லாக்கரில் இருக்கிறது, நான்தான் அனுப்பவில்லை.

"ஏன்?"

"பொறாமை."

அந்த வார்த்தை அவளுக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது.

"சித்தி மேலயா? சித்தி ஒரு தடவைகூட பிளேன்ல ஏறினதில்லையே." இதை ஆங்கிலத்தில்தான் சொன்னாள். பிறகு, "நான் சொல்ல மாட்டேன். நீயே சித்திகிட்ட சொல்லு" என்றாள். அது தமிழில்.

அடுத்த நாள் சர்ச் முடிந்து ரூபியைக் கூப்பிட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். பின்னணியில், கடையில் யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு தடவை மெட்ராசுக்கு பஸ் டிக்கெட் போட்டு கேன்சல் பண்ணேன்கா," என்றாள். "அம்மாவுக்கு ஆள் ஏற்பாடு பண்ணி வச்சேன். ஊரெல்லாம் சொல்லிட்டேன், எங்க அக்கா கூப்பிட்டிருக்கான்னு."

"தப்புதான் ரூபி."

"உனக்குப் படிப்பு, வெளிநாடுன்னு எல்லாந்தான் குடுத்தாங்க. இதையும் எனக்கு விட மாட்டியா?" குரல் உயரவே இல்லை. "வைக்கிறேன். ஆளுங்க காத்திட்டிருக்காங்க."

சனிக்கிழமை லிடியாவுக்கு மட்டும் போன் வந்தது. அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. லிடியாவும் போனைத் தன் அறைக்குள் எடுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். நான் இரண்டு கடிதங்களையும் கூரியரில் அனுப்பினேன். கிடைத்ததா என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், பாஸ்போர்ட்டில் ஒட்டின விசாவின் படம் வந்தது. லிடியாவின் போனுக்குத்தான் வந்தது.

6

நடவு முடிந்து மழை பிடித்துக்கொண்டால் மோட்டார்களுக்கு ஓய்வு. நவம்பரில் ரூபி வந்தாள். ஏர்போர்ட்டில் லிடியா ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். ரூபி என்னிடம் வந்து, "இளைச்சிட்டியேக்கா" என்றாள். கடித விஷயத்தை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

முதல் இரண்டு நாள் அவர்கள் இருவரும் துண்டு விரித்துத் தரையில். வீடியோவில் பார்த்ததையெல்லாம் ரூபி கையால் தொட்டுப் பார்த்தாள். கட்டைவிரல் மோட்டாரை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். நான் டீ போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். இருந்தது. பழகின கால்வலி மாதிரி, நடக்க முடிகிற அளவுக்கு இருந்தது.

மூன்றாம் நாள் ரூபி கேட்டாள், "நீ வேலை பாக்குற எடத்தைக் காட்டுக்கா."

மதியம் பார்வையாளர் நேரத்தில் இருவரையும் வார்டுக்கு அழைத்துப் போனேன். லிடியாவும் உள்ளே வந்து பார்த்ததில்லை. பதினோரு வருஷத்தில் வாசலோடு சரி. முதியவர்கள் வார்டு அது. அன்று எனக்கு வேலை நேரமில்லை. ஆனாலும் ஜன்னலோரப் படுக்கையில் இருந்த ஒரு பாட்டியம்மா என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். இரண்டு வாரமாக வேறு யாரிடமும் வாய் திறக்காதவர், சாப்பாட்டைத் தட்டிவிடுகிறவர். நான் போய்த் தலையணையைச் சரிசெய்து, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தேன். அவர் என் கையை விடவே இல்லை. என் பெயரைச் சொன்னார். எஸ்தர் என்று அவருக்கு வராது, 'எஸ்டா' என்பார். ஏதோ கேட்டார், நான் பதில் சொன்னேன், அவர் சிரித்தார். எண்ணிப் பார்க்காமல்தான் பேசியிருக்கிறேன், பிறகுதான் கவனித்தேன். பக்கத்துப் படுக்கைக்காரரும் என்னைக் கூப்பிட்டார். வேலையில் இருந்த ஒரு பெண் மருந்து ஒன்றைப் பற்றி என்னிடம் ஓடி வந்து கேட்டுவிட்டுப் போனாள்.

திரும்பிப் பார்த்தேன். இருவரும் கதவருகே நின்றுகொண்டிருந்தார்கள். லிடியா வாய் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அம்மாவை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பது போல.

ரூபி என்னைப் பார்க்கவில்லை. லிடியா என்னைப் பார்க்கிற பார்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழுதட்டை உள்ளே மடித்துக் கடித்தபடி, கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் இருந்தது என்னவென்று எனக்குச் சட்டென்று தெரிந்தது. எத்தனையோ மாதம் அது என் முகத்தில் இருந்தது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் என் தங்கை, அவளுக்கு நான் செய்தது சின்னக் காரியமில்லை, அப்படியும் சந்தோஷமாக இருந்தது. பாட்டியம்மாவின் கையை மெல்ல விடுவித்துவிட்டுப் போய் ரூபியின் தோளில் கை வைத்தேன்.

"போலாமா?" என்றேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்கா. பாப்பா பாக்கட்டும்," என்றாள் அவள்.